‘ஆலை எங்களுடையது அல்ல’ என்கிற பிராண்டுகளைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: “வெளிநாட்டு பிராண்டுகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு தையல் ஆலைகூடக் கிடையாது. ஆலை முதலாளி வேறு, நாடு வேறு, சட்டம் வேறு. அங்கே தொழிலாளியைக் கசக்கிப் பிழிந்தால் பிராண்டை எப்படிக் குற்றம் சொல்வது? சட்டப்படி ஏதாவது வழி இருக்கிறதா, அல்லது நாம் வாங்காமல் விட்டால்தான் உண்டா?”

முடியும். சில இடங்களில் நடந்தும் இருக்கிறது. ஆனால் நடந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பிராண்டின் நல்லெண்ணத்தால் நடந்தது மிகக் குறைவு. தொழிற்சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம், அதில் பிராண்டின் கையெழுத்து, மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்க உரிமை, ஆலை திருந்தாவிட்டால் ஆர்டர் நிற்கும் என்ற நிபந்தனை: இவை இருந்த இடங்களில்தான் ஏதாவது மாறியது. ‘நன்னடத்தை விதிகள்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலைச் சுவரில் மாட்டியிருப்பதால் மாறியதாக எனக்குத் தெரிந்து பெரிதாக ஒன்றும் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, அதாவது பிராண்டுகளின் ஆர்டரை வாங்கி முடித்துக் கொடுக்கும் ஆளாக, பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அந்தச் சுவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

முதலில் ‘ஆலை எங்களுடையது அல்ல’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். சொத்துப் பத்திரத்தைப் பார்த்தால் உண்மை. ஆலைக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. நூல் எந்த நிறம், ஓர் அங்குலத்தில் எத்தனை தையல், பட்டன் எந்தக் கம்பெனி, பாலித்தீன் பையில் எச்சரிக்கை வாசகம் எந்த இடத்தில், அட்டைப்பெட்டி எத்தனை அடுக்கு என்பது வரை பையர், அதாவது பிராண்டு சார்பாக ஆர்டர் தருபவர், எழுதிக் கொடுத்துவிடுவார். விலையும் கப்பல் தேதியும் அவர் சொல்வதுதான்.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? டெய்லர் உடனே மெஷினை நிறுத்திச் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவுவார்கள். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அவற்றை ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண், டெய்லர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றி இருந்த துணிகள் மொத்தமும் தனியே போய்விடும். கடைசியில் பேக்கிங் போகும் முன் எல்லாமே மெட்டல் டிடெக்டர் வழியாகப் போகும். காரணம் எளிது. லண்டனில் ஒரு குழந்தையின் சட்டையில் ஊசி முனை இருந்தால் வழக்கு பிராண்டின் மேல் வரும். அங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உடைந்த ஒரு ஊசி முனை எங்கே போனது என்று கணக்குக் கேட்கத் தெரிந்த நிறுவனம், அதே ஆலையில் இரவு எட்டு மணிக்கு மேல் யார் வேலை பார்க்கிறார்கள், படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்பது தன் கட்டுப்பாட்டில் இல்லை என்கிறது. கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது. சட்டப் பொறுப்பு எதில் இருக்கிறதோ அதில் மட்டும் அதைச் செலுத்துகிறார்கள். ஆகவே நம் வேலை, ஊசிக்கு இருக்கிற பொறுப்பை ஊசி பிடிக்கிற ஆளுக்கும் வர வைப்பது.

பிராண்டுகள் இதற்கு வைத்திருக்கும் பதில் ஆடிட். ‘வெளியார் நிறுவனம் ஒன்று வந்து சோதித்துச் சான்று தந்திருக்கிறது’ என்பார்கள். ஆடிட் எப்படி நடக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தின நாள் வழியை அடைத்துக்கொண்டு நின்ற அட்டைப்பெட்டிகள் லாரி ஏறும். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சும் அயோடினும் வரும். தீயணைப்பு உருளையில் புதுச் சீட்டுத் தொங்கும். நேரப் பதிவேடு இரண்டு இருக்கும்: ஒன்று உண்மையானது, ஒன்று காட்டுவதற்கானது. காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆட்களுக்கு அன்று விடுமுறை. பேட்டிக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஊகித்து, ‘எட்டு மணி நேரம்தான் சார், ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆடிட்டர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஓரிரு நாளில் நானூறு பேர் ஆலையைப் பார்த்து, சூப்பர்வைசர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பத்துப் பெண்களிடம் பேசி, பெரும்பாலும் அந்த ஆலையே கட்டுகிற கட்டணத்தில் அறிக்கை எழுதுகிறவர் வேறென்ன கண்டுபிடிப்பார்?

இது என் கசப்பு மட்டும் அல்ல. கராச்சியில் பால்டியா பகுதியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஜீன்ஸ் ஆலை இருந்தது. பெரிய வாடிக்கையாளர் ஜெர்மனியின் மலிவு விலைக் கடைத் தொடரான கிக். 2012 ஆகஸ்டில் அந்த ஆலைக்கு உலகெங்கும் மதிப்புள்ளதாகச் சொல்லப்படும் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, ஆலை தீப்பிடித்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேற வழியில்லை. 250 பேருக்கு மேல் உள்ளேயே இறந்தார்கள். தீயை மாமூல் கேட்டு மிரட்டிய கும்பல் வைத்தது என்று பின்னால் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிராண்டுகளின் ஆதரவாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். தீ வைத்தவன் யாராக இருந்தாலும், வெளியே போக வழி இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். அந்த வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதானே சான்றிதழின் வேலை?

அடுத்த ஏப்ரலில் ராணா பிளாசா. டாக்காவை ஒட்டிய சாவரில் எட்டு மாடிக் கட்டடம், உள்ளே ஐந்து ஆடை ஆலைகள். மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் எழுப்பப்பட்டவை. அவற்றில் கனரக ஜெனரேட்டர்கள். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூணிலும் விரிசல் விட்டது. கீழ்த் தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகளும் மூடின. மறுநாள் காலை தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டல். மின்சாரம் போய் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கியதும் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். காயம் பட்டவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். அங்கே இருந்த ஆலைகளில் சிலவும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவைதான். கட்டடத்தின் உறுதி எங்கள் சோதனை வரம்பில் இல்லை என்று தணிக்கை நிறுவனங்கள் பின்னால் விளக்கம் சொல்லின.

விரிசலைப் பார்த்தும் அவர்கள் ஏன் உள்ளே போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி ஊழியருக்கு ‘வர மாட்டேன்’ என்று சொல்லத் தேவையே வரவில்லை. தையல் தொழிலாளிக்குச் சொல்லச் சங்கம் இல்லை. அப்போது வங்கதேசத்தில் ஆடைத் தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 3,000 டாக்கா. ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடிந்தவர் அங்கே யாரும் இல்லை.

இடிபாடுகளில் நடந்த இன்னொரு காரியம் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். உடல்களைத் தேடிய அதே இடத்தில், தொழிலாளர் அமைப்பினர் துணி லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் தேடினார்கள். எந்த பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்பதை நிரூபிக்க வேறு வழி இல்லை. பெரும்பாலான பிராண்டுகள் தங்கள் ஆலைப் பட்டியலை வெளியிட்டிருக்கவில்லை. ‘எங்கள் பொருள் அங்கே தயாராகவில்லை’ என்று முதலில் மறுத்தவர்களும் இருந்தார்கள். நைக்கி 2005இலேயே தன் ஆலைப் பட்டியலை வெளியிட்டிருந்தது. அதுவும் சும்மா வரவில்லை: இந்தோனேசிய, வியட்நாம் ஆலைகள் பற்றிய செய்திகளால் அடிமேல் அடி வாங்கி, 1998இல் அதன் தலைவர் பில் நைட், அடிமைக் கூலி என்றாலே நைக்கி நினைவுக்கு வரும் நிலை வந்துவிட்டது என்று பொது மேடையில் ஒப்புக்கொண்ட பிறகு வந்தது. மற்ற பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பட்டியல் என்பது வியாபார ரகசியமாகவே இருந்தது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். ராணா பிளாசாவுக்குப் பிறகு உருவானது ‘அக்கார்டு’ என்று சொல்லப்படும் வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம். பலருக்குத் தெரியாத செய்தி, அதன் வரைவு ராணா பிளாசாவுக்கு முன்பே மேசையில் கிடந்தது. 2011இல் டாக்காவில் நடந்த கூட்டத்தில் தொழிற்சங்கங்கள் இதைப் போன்ற திட்டத்தை வைத்தபோது, அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்று வால்மார்ட் தரப்பு ஒதுக்கித் தள்ளியது. 2012இல் அமெரிக்க ஆடை நிறுவனமான பிவிஎச், ஜெர்மன் கடைத் தொடரான சிபோ என்ற இரண்டு நிறுவனங்கள் மட்டும் கையெழுத்திட்டன. நான்கு பேர் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. மூன்றாவது ஆள் வரவில்லை. 1,134 பேர் இறந்த பிறகு, 2013 மே மாதம் எச் அண்ட் எம் கையெழுத்திட்டது. அதன் பின்னால் வரிசை கட்டி வந்தார்கள். கடைசியில் இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள், ஏறத்தாழ 1,600 ஆலைகள், 20 லட்சம் தொழிலாளர்கள்.

இந்த ஒப்பந்தத்தின் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிர்வாகக் குழுவில் பிராண்டுகளுக்கும் சங்கங்களுக்கும் சம இடம். தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி. செலவை பிராண்டுகள் வாங்கும் அளவுக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆண்டுக்கு அதிகபட்சம் 5 லட்சம் டாலர். சோதிக்கும் பொறியாளர்கள் ஆலைக்கோ ஒரு தனி பிராண்டுக்கோ கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொரு ஆலையின் அறிக்கையும் பெயர் போட்டு வெளியிடப்பட்டது. குறைகளைச் சரிசெய்யாத ஆலைக்குக் கையெழுத்திட்ட எவரும் ஆர்டர் தரக் கூடாது. அதே நேரம், சரிசெய்ய ஆலைக்குப் பணம் இருக்கும்படி விலையோ கடனோ ஏற்பாடு செய்வது பிராண்டின் கடமை. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. அதாவது, ஏப்ரல் 24 காலையில் இல்லாமல் போனது எதுவோ அது.

சோதனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறைபாடுகள் வெளிவந்தன. வெளியேறும் வழியில் இழுத்துப் பூட்டும் இரும்பு கேட், தீக்கதவே இல்லாத படிக்கட்டு, தாங்காத சுமை ஏற்றிய தளம், பஞ்சுத் தூசி படிந்த மின்பெட்டி. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐந்தாண்டுகளில் சரிசெய்யப்பட்டன. அதற்கு முன் பல ஆண்டுகள் நடந்த ஆயிரக்கணக்கான ஆடிட்டுகளில் இதே கேட், இதே படிக்கட்டு எல்லாம் இருந்துகொண்டுதான் இருந்தன.

கையெழுத்துக்குப் பல் இருக்கிறதா என்ற சோதனையும் வந்தது. ஆலைகளைச் சரிசெய்யும் பொறுப்பை நிறைவேற்றவில்லை என்று இரண்டு பிராண்டுகள் மீது இரண்டு உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் 2016இல் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போயின. இரண்டுமே சமரசத்தில் முடிந்தன. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது சமரசத்தில் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் கொடுத்தது. பெரும்பகுதி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சரிசெய்ய. பிராண்டின் பெயரை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. அது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனால் தனக்குச் சொந்தமில்லாத ஆலைகளுக்காக ஒரு பிராண்டைப் பணம் கொடுக்க வைத்தது ஒரு காகிதம் என்பதைக் கவனியுங்கள்.

வால்மார்ட்டும் அமெரிக்க ஆடை நிறுவனமான கேப்பும் இதில் சேரவில்லை. வட அமெரிக்க நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு ‘அலையன்ஸ்’ என்று தனியாக ஒன்று நடத்தி, 2018இல் கடையைக் கட்டின. அதிலும் சோதனை நடந்தது, வேலையும் நடந்தது, மறுக்கவில்லை. சங்கத்துக்கு அதில் சம அதிகாரம் இல்லை. அக்கார்டோ இன்னும் இருக்கிறது: 2021இல் சர்வதேச ஒப்பந்தமாக மாறி, 2023 முதல் பாகிஸ்தானுக்கும் போயிருக்கிறது.

அக்கார்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பெரிய ஓட்டை: சம்பளம். கட்டடம் இடியாது; ஆனால் உள்ளே இருப்பவரின் கூலி பற்றி ஒப்பந்தம் பேசவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர் கணக்கிட்டபடி, ராணா பிளாசாவுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வங்கதேச ஆடைகளுக்கு பிராண்டுகள் கொடுத்த விலை சுமார் 13 சதவீதம் குறைந்தது. ஒரு பக்கம் பாதுகாப்புக்குச் செலவு செய் என்பது, மறு பக்கம் விலையைக் குறை என்பது. வங்கதேசத்தின் குறைந்தபட்ச ஊதியம் 2013 இறுதியில் 5,300 டாக்கா ஆனது, 2018இல் 8,000, 2023இல் 12,500. ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்கிப் போராடித்தான் வந்தது. 2023இல் தொழிலாளர்கள் கேட்டது 23,000. அந்தப் போராட்டத்தில் உயிர்களும் போயின. கடை விலையில் தையல் கூலி 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. என் அனுபவத்தில் வந்த காஸ்டிங் ஷீட்டுகளும் (ஓர் ஆடைக்கு ஆகும் செலவுக் கணக்கு) அதையேதான் சொல்லின.

விலை பேசுவது எப்படி நடக்கும் என்று தெரிந்தால், சுரண்டல் எங்கே பிறக்கிறது என்று தெரியும். ஒரு டி-ஷர்ட்டுக்குத் துணி, பிரிண்டிங், நூல், லேபிள், பேக்கிங் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால், பையர் சொல்லும் விலைக்கும் நமக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் இடையே சில சென்ட் இடிக்கும். பருத்தி விலை நம் கையில் இல்லை. சாயப்பட்டறை கட்டணம் இல்லை. மிச்சம் இருப்பது தையல் கூலி. அதைக் குறைக்க முடியாவிட்டால் நேரத்தைக் கூட்டுவது. சாம்பிளுக்கு ஒப்புதல் பத்து நாள் தாமதமாகத் தருவார்கள்; கப்பல் தேதி மட்டும் நகராது. தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு நம்முடையது. உடனே என்ன ஆகும்? ஒன்றரை ஷிப்டு இரண்டு ஷிப்டாகும். பாதி ஆர்டர் பெயர் தெரியாத ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும். அங்கே பி.எப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது, ஆடிட்டரும் வர மாட்டார். ஆலை முதலாளி இதில் உத்தமர் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இரவு வேலைக்கான உத்தரவு மின்னஞ்சலில் வேறொரு நாட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2020 மார்ச்சில் இது வெட்டவெளிச்சமானது. கோவிட் வந்ததும் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்து அல்லது நிறுத்தம் என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குக் காட்டியது. அதில் தைத்து முடித்து அட்டைப்பெட்டியில் கட்டி வைத்ததும் இருந்தது. பிராண்டுகள் முன்பணம் தருவதில்லை. சரக்கு கப்பல் ஏறி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம். துணிக்கும் கூலிக்கும் ஆலை தன் கைப்பணத்தையோ கடனையோ போட்டிருக்கும். ‘எதிர்பாராத பேரிடர்’ என்ற ஒப்பந்த வரியைக் காட்டிப் பலர் கைவிரித்தார்கள். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தொழிலாளர் அமைப்புகள் பெயர் போட்டுப் பட்டியல் வெளியிட்ட பிறகு பலர் பணத்தை இறக்கினார்கள்.

நீதிமன்றம் பற்றிக் கேட்டீர்கள். இதுவரையிலான வரலாறு ஏமாற்றம்தான். கராச்சி தீயில் பாதிக்கப்பட்டவர்கள் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் கிக் மீது 2015இல் வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் தள்ளுபடி ஆனது: பாகிஸ்தான் சட்டப்படி காலக்கெடு கடந்துவிட்டதாம். பிராண்டுக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. வழக்குக்கு வெளியே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முன்னிலையில், கிக் 51.5 லட்சம் டாலர் தர 2016இல் ஒத்துக்கொண்டது. ராணா பிளாசாவுக்காகக் கனடாவின் லோப்லா என்ற கடைத் தொடர் நிறுவனம் மீது ஒண்டாரியோவில் போட்ட வழக்கும் 2017இல் தள்ளுபடி. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. விபத்து நடந்த நாட்டின் சட்டம்தான் பொருந்தும் என்று இரு நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. அந்தச் சட்டத்தில் வழக்குப் போடும் காலம் குறுகியது, பொறுப்பு ஆலையோடு நின்றுவிடுவது. வங்கதேசத்திலேயே கட்டட உரிமையாளர் மீதான கொலை வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே சட்டத்தையே மாற்றும் முயற்சி தொடங்கியது. பிரான்ஸ் 2017இல் பெரிய நிறுவனங்களுக்கு ‘விழிப்புக் கடமை’யைச் சட்டமாக்கியது; துணை நிறுவனங்கள், சப்ளையர்கள் வரை ஆபத்துகளைக் கண்டறிந்து தடுக்கத் திட்டம் வைக்க வேண்டும், தவறினால் வழக்கு. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான உத்தரவு வந்தது. 2025இலேயே அதை வெட்டிச் சுருக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. இந்தச் சட்டங்களின் பலவீனம் எனக்கு நன்றாகத் தெரிகிறது: ‘உரிய கவனம் செலுத்தினேன்’ என்று காட்டக் காகிதம் போதும் என்றால், பிராண்டு அந்தக் காகிதத்தைச் சப்ளையரிடம்தான் கேட்கும். சப்ளையர் மறுபடி ஆடிட்டரிடம் போவார்.

கலிபோர்னியா செய்தது வேறு மாதிரி, எனக்குப் பிடித்ததும் அதுதான். சுரண்டல் ஆலை என்பது ஏழை நாட்டு நோய் அல்ல. 1995இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே எல் மாண்டியில் 72 தாய்லாந்துத் தொழிலாளர்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்துத் துணி தைக்க வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தைத்ததெல்லாம் பெயர் பெற்ற கடைகளுக்கு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கலிபோர்னியச் சட்டம் பீஸ் ரேட் கூலியையே, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலியையே, பொதுவாகத் தடை செய்கிறது. அதோடு, தையல் யூனிட்காரர் கூலி பாக்கி வைத்தால் ஆர்டர் கொடுத்த பிராண்டும் அதற்குப் பொறுப்பு, இடையில் எத்தனை துணை ஒப்பந்தக்காரர் இருந்தாலும் சரி. நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னதுதான். அந்தச் சங்கிலி ஆலை வாசலோடு நிற்காமல் கடை வரை போக வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு கருவி சுங்கத்துறை. கட்டாய உழைப்பால் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1930 முதலே சொல்கிறது. அதில் இருந்த பெரிய விலக்கை 2016இல் நீக்கிய பிறகுதான் உயிர் வந்தது. துறைமுகத்தில் சரக்கு நின்றால் பிராண்டுக்கு வலிக்கும். இது நம் திண்டுக்கல் வரை வந்தது.

2021 ஜனவரியில், எச் அண்ட் எம்முக்குத் துணி தைத்த திண்டுக்கல் மாவட்ட ஆலை ஒன்றில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். அதன் பிறகு வேறு பெண் தொழிலாளர்கள் வாய் திறந்தார்கள்: தொடுவது, அசிங்கமாகப் பேசுவது, டார்கெட் முடிக்காவிட்டால் சாதியைச் சொல்லித் திட்டுவது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் என்ற அந்த ஆலையும் பிராண்டுகளின் நன்னடத்தை விதிகளுக்கு உட்பட்டதுதான். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற உள்ளூர்ச் சங்கம், ஆசியத் தள ஊதியக் கூட்டணியோடும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்போடும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கொண்டு வந்தது. ஒரு பக்கம் ஈஸ்ட்மேன் கையெழுத்து. மறு பக்கம் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவற்றின் கையெழுத்து. வங்கதேசத்தில் அக்கார்டில் சேராத அதே கேப்தான்.

இந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, அது ஆடிட்டரை நம்பவில்லை என்பது. சங்கம் பயிற்சி கொடுத்த பெண் தொழிலாளர்களே லைனுக்குள் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அதே ஷிப்டில் அது பதிவாகிறது. ஆடிட் வரும் நாளில் மட்டும் அடங்கியிருந்தால் போதும் என்ற வசதி அவருக்கு இல்லை. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாடும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு பிராண்டு கையெழுத்திட்ட காகிதத்தில் சாதி என்ற சொல் வந்ததே பெரிய காரியம். ஆடை ஆலையோடு நூற்பாலைகளும் இதில் அடக்கம். இது சின்ன விஷயம் அல்ல. ‘சுமங்கலி’ என்ற பெயரில் பெண்பிள்ளைகளை விடுதியில் அடைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்குப் பணம் என்று சொல்லி வேலை வாங்கியதெல்லாம் நூற்பாலைகளில்தான். பிராண்டுகளின் ஆடிட் அங்கே எட்டிப் பார்ப்பது அரிது. ஆலை நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்குகளை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. உள்ளே நடந்துவரும் மாற்றங்களைச் சங்கமும் நிர்வாகமும் பிராண்டுகளும் சேர்ந்து எடுத்துக் காட்டவே, செப்டம்பர் தொடக்கத்தில் உத்தரவு நீங்கியது. நல்ல பெயருக்காக வாங்கிய சான்றிதழ் எதுவும் அந்தக் கப்பலை நகர்த்தியிருக்காது.

கடைசியாகப் புறக்கணிப்பு. நீங்களும் நானும் தனித்தனியாக ஒரு பிராண்டை வாங்காமல் விடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது தையல்காரருக்கு. வங்கதேசத் தொழிலாளர் அமைப்புகள் பலவும் ‘எங்கள் துணியை வாங்காதீர்கள்’ என்று கேட்டதில்லை. ‘வாங்குங்கள், ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்’ என்றுதான் கேட்டார்கள். கூட்டாக வாங்குபவர்களுக்கு இதில் பலம் உண்டு. 2009 தொடக்கத்தில் அமெரிக்காவின் ரஸல் என்ற விளையாட்டு ஆடை நிறுவனம் ஹோண்டுராஸில் சங்கம் அமைந்த ஆலையை மூடி 1,200 பேரை வெளியே அனுப்பியது. அமெரிக்க மாணவர்கள் போராடவே, ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் தங்கள் சின்னம் பொறித்த ஆடைகளைச் செய்ய ரஸலுக்குக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே ரஸல் இறங்கி வந்து, புதிய ஆலை திறந்து, அந்தத் தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கவும் சங்கத்தை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. நம் ஊரில் பள்ளிச் சீருடை, காவல்துறைச் சீருடை, கம்பெனி டி-ஷர்ட் எல்லாம் மொத்தமாக வாங்கப்படுபவை. யாரும் தையல் யூனிட்டின் பெயரைக் கேட்டு டெண்டர் போடுவதாக நான் பார்த்ததில்லை.

கடையில் நிற்கும்போது என்ன செய்வது என்றால், லேபிளில் ‘நெறிசார்’, ‘பசுமை’ என்று என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். அந்த பிராண்டு ஆலைப் பட்டியலை முகவரியோடு வெளியிடுகிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். சர்வதேச அக்கார்டில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் பொதுவில் இருக்கின்றன. அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள். அந்த மின்னஞ்சல்களை எண்ணி மேலிடத்துக்கு அனுப்பும் வழக்கம் பிராண்டுகளில் உண்டு. இந்தியா இன்னும் அக்கார்டுக்குள் வரவில்லை என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேட்கலாம்.